எண்ணெய் குறையவில்லை என்பதுதான் எனக்குக் கவலை

கேள்வி:

அண்ணே, வணக்கம். நான் மலேசியாவில், நெகிரி செம்பிலான் பகாவ் பக்கம் இருக்கிறேன். சொந்தமாக ஒரு 5 டன் லோரி. 2010 மாடல், நாலு சிலிண்டர் டர்போ டீசல், காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாய்). மீட்டரில் 487,000 கிலோமீட்டர். சின்னத் தோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலை ஏற்றி மில்லில் இறக்குவதுதான் பிழைப்பு. இரண்டு வாரமாக மில் வரிசையில் நிற்கும்போது ஆயில் விளக்கு மினுக்குகிறது. கொஞ்சம் மிதித்தால் அணைந்துவிடுகிறது. காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஒன்றும் இல்லை. போன ஞாயிறு மின்யாக் ஹித்தாம் (என்ஜின் எண்ணெய்) இறக்கிப் பார்த்தேன். தட்டில் வெள்ளிப் பொடி மாதிரி மினுக்கு, நடுவில் செம்பு நிறத்தில் இரண்டு மூன்று செதில். பட்டறை போமென் ஒருவர் சென்சார் மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் 20டபிள்யூ-50 ஊற்றி ஒரு டப்பா கெட்டி மருந்தும் கலந்தால் இரண்டு வருஷம் ஓடும் என்கிறார். மூன்றாவது ஆள், ஹாப் கட் என்ஜின் (பழைய வண்டியிலிருந்து வெட்டி எடுத்தது) ஒன்று கைவசம் இருக்கிறது, தூக்கிப் போட்டுவிடலாம் என்கிறார். அப்பாவோ லோரியையே தள்ளிவிடச் சொல்கிறார். 2024-இல் டீசல் விலை ஏறிய பிறகு சர்வீஸைத் தள்ளிப் போட்டது உண்மைதான். ஆனால் இது எண்ணெய் குடிக்காத என்ஜின் அண்ணே. டிப்ஸ்டிக்கில் எப்போதும் மேல் கோட்டைத் தாண்டித்தான் நிற்கும், இடையில் ஊற்றியதே இல்லை. பழம் நிறைய வரும் நேரம், நிறுத்த மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்:

தம்பி, கடைசியில் ஆறுதலுக்காகச் சேர்த்தீர்களே ஒரு வரி, அதில்தான் என் கண் நின்றது. ஐந்து லட்சம் கிலோமீட்டரை நெருங்கும் டீசல் என்ஜின் ஒரு சர்வீஸுக்கும் அடுத்த சர்வீஸுக்கும் நடுவில் கொஞ்சமாவது எண்ணெய் குடித்தே ஆக வேண்டும். ரிங் வழியாகவோ, வால்வு சீல் வழியாகவோ, டர்போ வழியாகவோ போகும். குறையவே இல்லை, மேல் கோட்டையும் தாண்டுகிறது என்றால், போன எண்ணெயின் இடத்தை வேறு ஏதோ நிரப்பிக்கொண்டிருக்கிறது. அது தண்ணீராக இருக்கலாம், டீசலாக இருக்கலாம். மற்ற அடையாளங்களையும் சேர்த்துப் பார்த்தால் டீசல் என்றுதான் சந்தேகப்படுகிறேன்.

அதனால் முதல் பதில் கசப்பானது. லோரியை நிறுத்துங்கள். பழக் காலத்தில் ஒரு நாள் நின்றால் எவ்வளவு கை நஷ்டம் என்று தெரிந்துதான் சொல்கிறேன். வேண்டுமானால் தெரிந்தவர் லோரியை வாடகைக்குப் பேசி ஓட்டத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் என்ஜினில் இப்போது தேய்வது பேரிங் ஷெல், அதாவது கிராங்க் தண்டு சுழலும் இடத்தில் அதைத் தாங்கும் மெல்லிய உலோக வளைவு. அது மாற்றுகிற சாமான். இன்னும் சில லோடு அடித்தால் தேய்மானம் பிஸ்டன்கள் சுழற்றும் அந்தக் கிராங்க்குக்கே போய்விடும். ஷெல் செட் விலையையும் கிராங்க் விலையையும் சாமான் கடையில் கேட்டுப் பாருங்கள், நான் ஏன் அவசரப்படுத்துகிறேன் என்று புரியும். இன்னொரு ஆபத்தும் உண்டு. எண்ணெய்ச் சட்டியில் அளவு ஏறிக்கொண்டே போனால், ஒரு நாள் அது என்ஜின் மூச்சுவிடும் பிரீத்தர் குழாய் வழியாக, காற்று இழுக்கும் இன்டேக்குக்குள் போய் என்ஜின் தன் எண்ணெயையே எரித்து ஓட ஆரம்பிக்கும். சாவியை மூடினாலும் நிற்காது, ஆர்.பி.எம். ஏறிக்கொண்டே போகும். அப்படி ஆனால் பிரேக்கை அழுத்திப் பிடித்து, மேல் கியரில் போட்டு, கிளட்ச்சை விட்டு என்ஜினைத் திணறடித்து நிறுத்த வேண்டும். முடியாவிட்டால் காற்று போகும் வழியை அடைக்க வேண்டும். கையால் அடைக்காதீர்கள், பலகை, தடித்த ரப்பர் பாய், எது கிடைக்கிறதோ அது.

சரி, சென்சார் விஷயத்துக்கு வருவோம். அந்த போமென் சொன்னதை முழுக்கத் தள்ளமாட்டேன். விளக்கு என்பது ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். பெரும்பாலான என்ஜின்களில் அழுத்தம் 0.3லிருந்து 0.5 பாருக்குக் கீழே போனால்தான் அது எரியும். சுவிட்ச் கெட்டு வீணாக எரிவதும் உண்டு. ஆனால் தட்டில் உலோகம் கிடக்கும்போது சுவிட்ச்சை மட்டும் குற்றவாளி ஆக்க முடியாது. சுவிட்ச்சை மாற்றிப் பார்ப்பதை விட, அதைக் கழற்றி அந்த ஓட்டையிலேயே அழுத்தத்தை ஊசியில் காட்டும் ஒரு மெக்கானிக்கல் கேஜ் மாட்டுங்கள். ஒரு எச்சரிக்கை: ஜப்பானிய என்ஜின்களில் அந்தத் துளை பெரும்பாலும் எட்டில் ஒரு அங்குல பி.எஸ்.பி.டி. மரை, அங்குலத்துக்கு 28 பிரி. கடையில் கிடைக்கும் கேஜ் செட் பலவற்றில் அமெரிக்க என்.பி.டி. மரை இருக்கும், அது 27 பிரி. முதல் இரண்டு சுற்று நன்றாக ஏறுவது போல இருக்கும், அப்புறம் இறுகும். அந்த நேரத்தில் பலம் கொடுத்தால் அலுமினியத் துளை போச்சு. சரியான அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேஜைப் பார்க்க ரோட்டில் ஓட்ட வேண்டாம். வடித்த எண்ணெய்க்குப் பதில் புது 15டபிள்யூ-40, புது ஃபில்டர், அளவு சரியாகக் கோட்டில். கடை வாசலிலேயே என்ஜினைச் சூடாக்கி, தண்ணீர் ஊசி வழக்கமான இடத்துக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் விடுங்கள். தண்ணீரை விட எண்ணெய் மெதுவாகத்தான் சூடாகும். அடியில் தட்டுகிற சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள், பிறகு கேஜ் சோதனையே தேவையில்லை. சத்தம் இல்லாவிட்டால் ஐடிலில் (மிதிக்காமல் நிற்கும்போது) எவ்வளவு, 2,000 ஆர்.பி.எம்.-இல் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் என்ஜின் மேனுவலில் உள்ள எண்தான் கடைசி வார்த்தை. மேனுவல் கையில் இல்லையென்றால், சூடான என்ஜினில் ஒவ்வொரு 1,000 ஆர்.பி.எம்.-க்கும் 10 பிஎஸ்ஐ (சுமார் 0.7 பார்) என்ற பழைய கணக்கு வழிகாட்டும். ஐடிலில் ஒரு பாருக்குப் பக்கமும், 2,000-இல் மூன்று பார் அளவிலும் நின்றால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

அந்த எண்களை விட கேஜ் ஊசி நடக்கும் விதத்தைக் கவனியுங்கள். ஐடிலில் தாழ்ந்து, மிதித்ததும் ஒழுங்காக ஏறி நின்றால், எண்ணெய் நீர்த்திருக்கிறது அல்லது பேரிங் இடைவெளி பெருத்திருக்கிறது அல்லது பம்ப் தேய்ந்திருக்கிறது. உங்கள் விளக்கு மிதித்தால் அணைகிறது என்பதால் இந்தக் கட்சிதான் என்று நினைக்கிறேன். எவ்வளவு மிதித்தாலும் ஏறவே இல்லையென்றால் கூடுதல் அழுத்தத்தை வெளியே விடும் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம், அல்லது பம்புக்குப் போகும் உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கலாம். மூன்றாவது வகை ஒன்று உண்டு, அதைப் பலர் தவறவிடுகிறார்கள். மிதித்ததும் ஏறும், 2,000, 2,500-இல் அப்படியே பிடித்து வைத்தால் மெல்ல மெல்ல இறங்கும், நிறுத்தி ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்ப எடுத்தால் மறுபடி நன்றாக இருக்கும். அது ஸ்ட்ரெய்னர் அடைப்பு, அதாவது உறிஞ்சு குழாய் வாயில் உள்ள வலை அடைப்பு. என்ஜின் நிற்கும்போது குப்பை வலையிலிருந்து விழுந்துவிடுகிறது, ஓடும்போது மறுபடி போய் ஒட்டிக்கொள்கிறது.

பேரிங் தேய்ந்தால் அழுத்தம் ஏன் இறங்குகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கெட்டி மருந்து விவகாரம் அதில்தான் அடங்கியிருக்கிறது. பம்ப் கொடுப்பது எண்ணெயின் அளவைத்தான், அழுத்தத்தை அல்ல. அந்த எண்ணெய் கிராங்க்குக்கும் ஷெல்லுக்கும் நடுவே உள்ள குறுகிய சந்து வழியாக வெளியேற மல்லுக்கட்டும்போதுதான் அழுத்தம் உண்டாகிறது. நல்ல நிலையில் அந்தச் சந்து ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஐந்தாறு பங்கு. சந்து இரட்டிப்பானால் வழியும் எண்ணெய் இரட்டிப்பாகாது, எட்டு மடங்காகும். ஆகவே கொஞ்சம் தேய்ந்தாலே ஐடிலில் பம்ப் தோற்றுவிடும். எண்ணெய் நீர்த்தாலும் இதே கதைதான், வழிவது கூடும். உங்களிடம் இரண்டும் சேர்ந்து நடக்கிறது என்பது என் கணிப்பு: டீசல் கலந்து நீர்த்த எண்ணெய், அதனால் மெலிந்த படலம், அதனால் தேய்ந்த ஷெல்.

இனி அந்தத் தட்டில் கிடந்ததைப் படிப்போம். எண்ணெயைக் கீழே கொட்டிவிடவில்லையே? வைத்திருந்தால் நல்லது. ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எண்ணெய்க்குள் மெல்ல அலசுங்கள். பையோடு ஒட்டிக்கொண்டு வருவது இரும்பு: சிலிண்டர் சுவர், ரிங், கேம், டைமிங் கியர், பம்ப் கியர் என்று அதற்குப் பல வீடு. ஒட்டாமல் மினுக்குவது பேரிங்கின் மேல் பூச்சாகவோ பிஸ்டன் அலுமினியமாகவோ இருக்கும். மூன்று அடுக்கு பேரிங் என்றால், கிராங்க்கைத் தொடும் சாம்பல் நிறப் பூச்சு சுமார் 20 மைக்ரான்தான். அதற்குக் கீழே செம்பு கலந்த அடுக்கு, அடியில் இரும்பு முதுகு. வெள்ளி மினுக்கு மட்டும் என்றால் மேல் பூச்சு போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். செம்புச் செதிலும் வந்துவிட்டது என்றால் பூச்சு போய் இரண்டாம் அடுக்கு உரிகிறது.

ஆனால் செம்பு நிறம் பார்த்ததும் கிராங்க்கை பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங் என்று முடிவு கட்டக்கூடாது. பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கான்ராட்டின் சின்ன முனை புஷ், டர்போவின் புஷ் இவையும் அதே நிறம்தான். டர்போவைச் சோதிப்பது சுலபம்: காற்றுக் குழாயைக் கழற்றி, சக்கரத்தின் தண்டை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். சக்கரம் சுவரில் உரசினால் செம்புக்கு அங்கேயும் ஒரு பங்கு உண்டு.

பழைய ஃபில்டரையும் எறியாமல் வைத்திருந்தால் அதைத் திறக்க வேண்டும். ரம்பத்தால் அறுக்காதீர்கள், அறுக்கும் இரும்புத் தூளே உள்ளே விழுந்து உங்களைக் குழப்பும். ஃபில்டர் கட்டர் என்று வளையமாகச் சுற்றி வெட்டும் கருவி இருக்கிறது. உள்ளிருக்கும் மடிப்புத் தாளை வெட்டி எடுத்து, வைஸில் வைத்து எண்ணெயைப் பிழிந்து, வெயிலில் விரித்துப் பாருங்கள். தட்டில் தெரிவதை விட இங்கேதான் நிஜம் தெரியும், ஏனென்றால் கனமான துண்டுகள் சட்டி அடியில் தங்கிவிட, சுற்றில் ஓடியது எல்லாம் இந்தத் தாளில் மாட்டியிருக்கும். கறுப்பாக, விரலால் நசுக்கினால் பொடியாவது கரி. நீளமாக, ரப்பர் மாதிரி இழுபடுவது சிலிக்கோன் பசை. நீங்கள் கைமாறி வாங்கிய லோரி என்றால் முன்னே யாரோ எண்ணெய்ச் சட்டியைக் கழற்றி, பசையை அள்ளிப் பூசி மூடியிருக்கலாம். உள்பக்கம் பிதுங்கிய பசை உதிர்ந்து நேராக ஸ்ட்ரெய்னருக்குத்தான் போகும். ஃபில்டர் முழுக்க அடைந்திருந்தால் இன்னொரு கெடுதல்: ஃபில்டருக்குள் ஒரு பைபாஸ் வால்வு உண்டு, அடைப்பு அதிகமானால் அது திறந்து வடிகட்டாத எண்ணெயை அப்படியே பேரிங்குக்கு அனுப்பும். சர்வீஸைத் தள்ளிப் போட்டதன் விலை இங்கே ஏறுகிறது.

எண்ணெயை லேபுக்கு அனுப்பலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அனுப்பலாம், ஆனால் எதற்கு என்று தெரிந்து அனுப்புங்கள். லேபின் உலோக எண்ணிக்கை மிக நுண்ணிய துகளை மட்டும்தான் படிக்கும், சில மைக்ரானுக்கு மேல் பெரிதான துண்டை அந்தக் கருவி சரியாகப் பார்க்காது. கண்ணுக்குத் தெரியும் செதில் இருக்கும்போது அறிக்கையில் செம்பு குறைவு என்று வந்தால் ஏமாந்துவிடாதீர்கள். நீங்கள் கேட்க வேண்டியவை வேறு: டீசல் எத்தனை விழுக்காடு கலந்திருக்கிறது, 100 டிகிரியில் விஸ்காசிட்டி (எண்ணெயின் கெட்டித்தன்மை) எவ்வளவு, சிலிக்கான் எவ்வளவு, சோடியம் பொட்டாசியம் இருக்கிறதா. 40 கிரேடு எண்ணெய் 100 டிகிரியில் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குக் கீழே போகக்கூடாது. டீசல் 5 விழுக்காட்டைத் தாண்டினால் என்ஜினை ஓட்டக்கூடாது என்றுதான் நான் சொல்வேன். சோடியம், பொட்டாசியம் வந்தால் கூலன்ட் கலக்கிறது. சிலிக்கான் ஏறினால் பெரும்பாலும் மண் தூசி.

தூசியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். உங்களுக்குப் பக்கத்து மாவட்டம் ஜெலபு, நாட்டிலேயே மழை குறைந்த இடங்களில் ஒன்று. உங்கள் ஜெம்போல் மாவட்டத்தில் வறண்ட மாதத்தில் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் முன்னே ஒரு லோரி போனால் பின்னால் வருபவருக்கு எதுவும் தெரியாது. ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாயில் ஒரு விரிசல், ஒரு தளர்ந்த கிளிப் போதும். குழாயின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள், சிவப்பாக வந்தால் மண் உள்ளே போகிறது.

லேப் முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம், டீசலா தண்ணீரா என்று கடையிலேயே ஓரளவு பார்க்கலாம். இரும்புத் தகட்டைச் சூடாக்கி ஒரு சொட்டு பழைய எண்ணெய் விடுங்கள். சடசடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது. டீசல் பொரியாது, புகைந்து மணக்கும். வடிதாளில் புது எண்ணெய் ஒரு சொட்டு, பழையது ஒரு சொட்டு பக்கத்தில் பக்கத்தில் விட்டு ராத்திரி முழுக்க வைத்தால், டீசல் கலந்தது வெளியே வெளிறிய ஒரு வளையமாகப் பரவி நிற்கும்.

அப்புறம் எண்ணெய்ச் சட்டியைக் கழற்ற வேண்டியதுதான். இதைத் தவிர்க்க வழி தேடாதீர்கள். சட்டி இறங்கியதும் முதலில் ஸ்ட்ரெய்னர் வலையைப் பாருங்கள், துடைப்பதற்கு முன்னால் ஒரு படம் எடுத்துவிடுங்கள். உறிஞ்சு குழாயின் ஓரிங்கையும் வெல்டு ஓரத்தையும் பாருங்கள். பிஸ்டனுக்கு அடியில் எண்ணெய் பீய்ச்சும் ஜெட் ஏதாவது தளர்ந்தோ உடைந்தோ இருந்தால், அதுவே ஐடில் அழுத்தத்தைத் தின்றுவிடும். அதன் பிறகு கான்ராட் மூடியைக் கழற்றி ஷெல்லைப் பாருங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். மூடியில் இருக்கும் கீழ் ஷெல்லைப் பார்த்துவிட்டு "நன்றாகத்தான் இருக்கிறது" என்று மூடுபவர்கள் நிறையப் பேர். எரியும் வாயு பிஸ்டனைக் கீழே தள்ளும்போது பாரத்தைத் தாங்குவது கான்ராட்டின் மேல் ஷெல். மெயின் பேரிங்கில் அதற்கு நேர்மாறு, கீழ் ஷெல்தான் அடி வாங்கும். கான்ராட்டை மேலே தள்ளி மேல் ஷெல்லை வெளியே எடுத்துப் பார்த்தால்தான் பார்த்த மாதிரி. மூடிகளை ஒன்றுக்கொன்று மாற்றிவிடக் கூடாது, திசையும் மாறக்கூடாது, கழற்றும்போதே குறி போட்டுக்கொள்ளுங்கள். போல்ட் ஒரு தடவைக்கானது என்று மேனுவல் சொன்னால் புது போல்ட்தான் போட வேண்டும். ஷெல்லின் முதுகில் உள்ள அளவையும் படியுங்கள். எஸ்டிடி (தொழிற்சாலை அளவு) என்றால் கிராங்க்கை இதுவரை யாரும் கடையவில்லை. 0.25, 0.50 என்று இருந்தால் முன்பே ஒரு தடவை கடைந்தாயிற்று.

கிராங்க்கின் மேல் விரல் நகத்தை அச்சின் நீளவாக்கில் ஓட்டுங்கள். கோடு தெரிந்தாலும் நகம் மாட்டவில்லை என்றால், மைக்ரோமீட்டர் அளவும் சரியாக வந்தால், புது ஷெல் போட்டு, பிளாஸ்டிகேஜ் என்ற நசுங்கும் இழையை வைத்து இடைவெளி பார்த்து மூடிவிடலாம். என்ஜினை வெளியே எடுக்கவே தேவையில்லை. நகம் மாட்டினால் கிராங்க் இறங்கி மெஷின் ஷாப் போக வேண்டும், அது வேறு செலவு, வேறு கணக்கு. நிறுத்தச் சொல்லி நான் நச்சரிப்பது நகம் மாட்டாத கட்டத்திலேயே பிடித்துவிட வேண்டும் என்றுதான்.

ஷெல் மாற்றியதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால், அடுத்த பழக் காலத்துக்குள் இதே கடிதத்தை மறுபடி எழுதுவீர்கள். டீசல் எங்கிருந்து வருகிறது? மூன்று வாசல் உண்டு. ஒன்று, இன்ஜெக்டர் முனை சரியாக மூடாமல் ஒழுகுவது. ஒழுகியது சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். இரண்டு, என்ஜினின் மேல் மூடியான ராக்கர் கவருக்குள் ஓடும் ரிட்டன் குழாயோ அதன் வாஷரோ கசிவது. மூன்று, ஹை பிரஷர் பம்பின் ஷாஃப்ட் சீல் கிழிந்து டைமிங் பெட்டிக்குள் விடுவது. டீசல் டேங்கில் ஒளிரும் சாயம் கலந்து, புது எண்ணெயோடு சிறிது நேரம் ஐடிலில் ஓடவிட்டு, ராக்கர் கவரைத் திறந்து யூவி டார்ச் அடித்தால் எந்த வாசல் என்று பச்சையாகத் தெரியும். இது ஷெல் மாற்றிய பிறகு செய்கிற வேலை, முன்னால் அல்ல. இன்ஜெக்டர்களைக் கழற்றி டீசல் பம்ப் கடையில் பெஞ்சில் வைத்து ஒழுகலைப் பார்க்கச் சொல்லுங்கள். ரிட்டன் அளவு சோதனை மட்டும் செய்துவிட்டு நல்லது என்று கொடுத்தால் ஏற்காதீர்கள், அதில் முனை ஒழுகல் தெரியாது. ஒரு விஷயம் முக்கியம்: பழைய டீசல்களில் செய்வது போல, ஓடும் என்ஜினில் இன்ஜெக்டர் குழாய் நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் என்று பார்க்கும் பழக்கம் காமன் ரெயிலில் கூடவே கூடாது. ஆயிரம் பாருக்கு மேலும் ஏறக்கூடிய அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையையே எடுக்க வேண்டி வந்தவர்கள் உண்டு.

நாலாவதாக ஒன்று இருக்கிறது, அது எந்தச் சாமானிலும் இல்லை. மில் வரிசையில் என்ஜினை அணைக்காமல் எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள்? ஐடிலில் சிலிண்டர் சூடு குறைவு, டீசல் முழுதாக எரியாது, எரியாதது கீழே வடியும். அதோடு, 2019 முதல் நம் நாட்டில் வண்டிகளுக்கு ஊற்றும் பெரும்பாலான டீசலில் 10 விழுக்காடு பயோடீசல், செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்தது. சாதாரண டீசலின் லேசான பாகம் எண்ணெய்ச் சட்டியின் சூட்டில் கொஞ்சமாவது ஆவியாகிப் போகும். பயோடீசல் அவ்வளவு சுலபத்தில் போகாது, தங்கிவிடும். நீங்கள் ஏற்றுகிற பழம்தான் சுற்றி வந்து உங்கள் எண்ணெய்ச் சட்டியில் உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். அதற்காக பயோடீசலைத் திட்டிப் பயனில்லை, எண்ணெய் மாற்றும் கணக்கைத்தான் மாற்ற வேண்டும். ஒரு மணி நேர ஐடிலிங்கை 40, 50 கிலோமீட்டர் ஓட்டமாக எழுதிக்கொள்வது லோரித் தொழிலில் வழக்கம். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம், மாதம் 25 நாள் என்றால், மீட்டரில் ஏறாத 3,000 கிலோமீட்டர் மாதாமாதம் என்ஜினில் ஏறுகிறது. சர்வீஸைத் தள்ளிப் போட்டபோது இது உங்கள் கணக்கில் இல்லை. வரிசை நகராவிட்டால் அணைத்துவிடுங்கள். ஏர்கான் இல்லாமல் வேர்க்கும், தெரியும்.

லோடோடு மேடு ஏறும்போது மேல் கியரிலேயே திணறத் திணற ஏற்றும் பழக்கமும் ஷெல்லைக் கொல்லும். ஆர்.பி.எம். தாழ்வு, பாரம் உச்சம், எண்ணெய்ப் படலம் மெலிவு. ஒரு கியர் இறக்குங்கள், சத்தம் போட்டால் போடட்டும்.

இப்போது மற்றவர்கள் சொன்னதற்கு வருகிறேன். 20டபிள்யூ-50 யோசனை விளக்கை அணைத்துவிடும், அது நிச்சயம். ஐடில் அழுத்தம் கொஞ்சம் ஏறும், விளக்கு அணையும், உங்களை எச்சரித்துக்கொண்டிருந்த ஒரே ஆளை வாயடைத்த மாதிரி ஆகும். டீசல் உள்ளே வருவது நிற்கவில்லை என்பதால் சில வாரத்தில் அந்தக் கெட்டி எண்ணெயும் நீர்த்துவிடும். லோரியை விற்கப் போகிறவர்கள் செய்யும் வேலை அது, வைத்து ஓட்டப் போகிறவர் செய்வதில்லை. யாராவது என்ஜின் ஃப்ளஷ் ஊற்றிக் கழுவச் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்; இந்த வயதில் ஒட்டியிருக்கும் கசடு மொத்தமாகப் பெயர்ந்து ஸ்ட்ரெய்னரை அடைக்கும்.

ஹாப் கட் என்ஜினைக் கெட்டது என்று ஒரேயடியாகச் சொல்லமாட்டேன். கிராங்க்கும் பிளாக்கும் போய்விட்டால் அதுதான் வழி. ஆனால் அந்த என்ஜின் எவ்வளவு ஓடியது, எப்படி ஓடியது என்று விற்பவருக்கே தெரியாது. எண்ணெய்ச் சட்டியைக் கழற்றி ஒரு மெயின், ஒரு கான்ராட் ஷெல் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் நகர்ந்துவிடுங்கள். என்ஜின் எண் கெரானில் (வண்டியின் பதிவுப் பத்திரம்) இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம், மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே-யில் முறையாகப் பதிய வேண்டும். பதியாமல் ஓட்டினால் அடுத்த லோரி ஆய்வில் மாட்டுவீர்கள். உங்கள் பழைய இன்ஜெக்டர்களையும் பம்பையும் கழற்றி அந்த என்ஜினில் மாட்டினால், வியாதியையும் சேர்த்துத்தான் மாட்டுகிறீர்கள். அப்பா சொல்வது போல் தள்ளிவிடுவது உங்கள் முடிவு. விற்பதானால் விஷயத்தைச் சொல்லி விற்றுவிடுங்கள். பகாவ் சின்ன ஊர், வாங்கியவர் அதே மில் வரிசையில் உங்களுக்குப் பின்னால்தான் நிற்பார்.

ரிப்பேர் செய்வது என்று முடிவானால் இரண்டு விஷயத்தில் கையைச் சுருக்காதீர்கள். ஆயில் கூலரைப் புதிதாகப் போடுங்கள். அதன் குறுகிய மடிப்புக்குள் போன உலோகச் செதில் எவ்வளவு கழுவினாலும் முழுதாக வராது; புது பேரிங் போட்டு ஓட ஆரம்பித்ததும் ஒவ்வொன்றாக வெளியே வந்து அதையும் கீறும். டர்போவுக்குப் போகும் எண்ணெய்க் குழாயையும் கழற்றிக் கழுவுங்கள். மூடும் முன் ஆயில் பம்பின் கியருக்குள் வாசலின் தடவி நிரப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பம்ப் எண்ணெயை இழுக்கும் முன் புது ஷெல் வறண்டு சுற்றும். இன்ஜெக்டர் வயரைக் கழற்றிவிட்டு, கேஜ் ஊசி எழும் வரை வெறும் ஸ்டார்ட்டரில் சுற்றி, அதன் பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் ஃபில்டரை ஒரு வாரத்திலேயே மாற்றி, அதையும் வெட்டித் திறந்து பாருங்கள்.

வடித்த எண்ணெயைத் தோட்டத்துக் கால்வாயில் ஊற்ற வேண்டாம். அது அட்டவணைக் கழிவு, எஸ்டபிள்யூ 305. பழைய எண்ணெய் வாங்கும் உரிமம் உள்ளவர்கள் பட்டறைகளுக்கு வருவார்கள், அங்கே சேர்த்துவிடுங்கள்.

சூடான ஐடில் அழுத்தம், 2,000 ஆர்.பி.எம். அழுத்தம், பிடித்து வைத்தால் ஊசி இறங்குகிறதா, காந்தத்தில் என்ன ஒட்டியது, மேல் ஷெல்லின் படம். இவ்வளவும் கைக்கு வந்ததும் எழுதுங்கள். கிராங்க் வெளியே வர வேண்டுமா வேண்டாமா என்று அப்போது சொல்கிறேன், அதற்கு முன்னால் யார் சொன்னாலும் பணத்தை எடுக்காதீர்கள்.